பாதிப் படிப்பு பட்டணத்தில், பாதி காட்டில்: சென்னைக் கிறித்தவக் கல்லூரி நினைவுகள்

செம்மண்_ஷூ:
மாயவரத்தில் எங்கள் பழைய வீட்டை இடிக்கப் போகிறார்கள் என்று போன வாரம் பரணை ஒழிக்கப் போயிருந்தேன். தாத்தாவின் டிரங்குப் பெட்டி கிடைத்தது. உள்ளே இரண்டு குரூப் போட்டோ, மக்கிப்போன ஒரு ரயில் சீசன் டிக்கெட், ஆங்கிலக் கவிதை நோட்டு ஒன்று. தாத்தா 1935ல் எஸ்பிளனேடில் இருந்த கிறித்தவக் கல்லூரியில் இண்டர்மீடியட் சேர்ந்தவர். 1937ல் கல்லூரி தாம்பரத்துக்குப் போய்விட, பி.ஏ.வை அங்கே படித்து 1939ல் வெளியே வந்தார். "பாதிப் படிப்பு பட்டணத்தில், பாதி காட்டில்" என்று கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார். காடு என்கிற இடத்தில் முகத்தைச் சுளிப்பார்.

நான் அதே கல்லூரியில் 1991 முதல் 94 வரை படித்தேன். எனக்கு அந்தக் காடுதான் கல்லூரி. வகுப்பில் நடத்தியது எதுவும் நினைவில்லை, மரத்தடி எல்லாம் நினைவிருக்கிறது. ஆனால் தாத்தாவுக்கு இடம் மாறியதோடு கல்லூரியே செத்துவிட்டது. இது வெறும் கிழவர் புலம்பலா, உண்மையிலேயே எதையாவது இழந்தார்களா? குடும்பத்தில் யாராவது அந்தக் காலத்தில் படித்திருந்தால் சொல்லுங்கள். ஒரு வேண்டுகோள், பிரபலங்கள் பட்டியல் மட்டும் போட்டுவிடாதீர்கள், அது விக்கிப்பீடியாவில் இருக்கிறது.

ஜார்ஜ்டவுன்வாசி:
தாத்தா கட்சிதான் நான். நீங்கள் எஸ்பிளனேடை இன்றைய என்.எஸ்.சி. போஸ் சாலையாக, பிளாட்பாரக் கடையும் ஹாரன் சத்தமுமாக நினைத்துப் பார்க்கிறீர்கள், அதனால்தான் புரியவில்லை. 1935ல் ஒரு பையன் அங்கே நின்றால் எதிரே ஹைகோர்ட், பக்கத்தில் சட்டக் கல்லூரி, அதே சாலையில் பச்சையப்பன் கல்லூரி (தூண் வைத்த பச்சையப்பன் மண்டபம் இன்னும் நிற்கிறது, கவனித்துப் பாருங்கள்), கொஞ்சம் நடந்தால் துறைமுகம். மூன்று கல்லூரிப் பையன்கள் ஒரே சாலையில். கோர்ட்டுக்குள் நுழைந்து பெரிய வக்கீல் வாதாடுவதைக் கேட்கலாம், சாயங்காலம் மூர் மார்க்கெட் போய் பழைய புத்தகம் பேரம் பேசலாம். மூர் மார்க்கெட் 1985ல் எரிந்த பிறகு பிறந்தவர்களுக்கு அந்த ருசியை விளக்க முடியாது. அந்த வயதுக்கு ஊரே பாதிப் பள்ளிக்கூடம். அதைப் பிடுங்கிக்கொண்டு போய் தாம்பரத்தில் போட்டால் கோபம் வராதா?

கிறித்தவக் கல்லூரி 1937ல் போயிற்று, பச்சையப்பன் 1940ல் சேத்துப்பட்டுக்குப் போயிற்று. மூன்றே வருடத்தில் அந்தச் சாலையிலிருந்து கலைக் கல்லூரிப் பையன்கள் காலி.

இன்னொன்று. இந்தக் கல்லூரி தொடங்கியது எஸ்பிளனேடிலும் இல்லை, ஆர்மீனியன் தெருவில். 1837ல் ஜான் ஆண்டர்சன் என்கிற ஸ்காட்லாந்துப் பாதிரியார் 59 பையன்களோடு ஆரம்பித்த பள்ளிக்கூடம் அது. அந்தத் தெருவுக்குத் தமிழில் என்ன பெயர் தெரியுமா? அரண்மனைக்காரன் தெரு! ஆர்மீனியர் இருந்த தெரு "அர்மனிக்காரன்" ஆகி, யாரோ எழுத்தர் அதை அரண்மனை ஆக்கிவிட்டார். அரண்மனை எதுவும் அங்கே இருந்ததில்லை. எஸ்பிளனேடுக்கு வந்தது 1846ல்.

பீச்_லோக்கல்:
ஏன் தாம்பரம் என்று கேட்டால் என் பதில் ஒன்றுதான், மின்சார ரயில். 1931ல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மீட்டர் கேஜ் மின்சார ரயில் ஓட ஆரம்பித்தது. அது இல்லாமல் எந்த அப்பா பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்புவார்? எஸ்பிளனேடில் இடம் போதவில்லை, வெளியே போகலாம் என்கிற பேச்சு பல வருடமாக ஓடியதுதான், ஆனால் ரயில் வந்தபிறகுதான் அது நடக்கிற காரியமாக ஆகியிருக்கும். உங்கள் தாத்தாவின் சீசன் டிக்கெட்டைப் பத்திரமாக வையுங்கள், இந்த இழையில் அதுதான் முக்கியமான ஆவணம்.

நான் 1983லிருந்து 86 வரை டே ஸ்காலர். கோடம்பாக்கத்திலிருந்து தினமும் போய்வந்தேன். ஹாஸ்டல்காரர்கள் எங்களை அரைக் கல்லூரிக்காரர்கள் மாதிரிதான் பார்ப்பார்கள், நாலு மணிக்கு மேல் நடக்கிற எதிலும் நாங்கள் இல்லை என்பதால். ஆனால் எங்களுக்கு ஒரு சுகம் உண்டு. காலையில் ஊரே தெற்கிலிருந்து வடக்கே பாரீஸ் கார்னருக்கும் கோட்டைக்கும் பிதுங்கிக்கொண்டு போகும்போது நாங்கள் எதிர்த்திசையில் காலி வண்டியில் காலை நீட்டிக்கொண்டு போவோம். பரங்கிமலை தாண்டினால் காற்று மாறும். சாயங்காலமும் அப்படியே, எல்லோரும் தாம்பரம் பக்கம் தொங்கிக்கொண்டு வருவார்கள், நாங்கள் ஜன்னல் சீட்டில் திரும்புவோம். மூன்று வருடம் கூட்டத்தில் நசுங்காமல் ரயிலில் போன சென்னைக்காரன் நானாகத்தான் இருப்பேன். சீட்டாட்டம், பாட்டு, ரெக்கார்டு நோட்டு காப்பி அடிப்பது எல்லாம் அந்த வண்டியில்தான். அந்த மீட்டர் கேஜ் வண்டிகளை 2004ல் நிறுத்தியபோது கல்லூரியையே மூடிவிட்ட மாதிரி இருந்தது எனக்கு. ஆக ஒவ்வொருவருக்கும் ஒரு எஸ்பிளனேடு இருக்கிறது போல.

கேள்விக்குறி:
இடையில் வருவதற்கு மன்னிக்கவும், நான் அந்தக் கல்லூரியில் படித்தவன் இல்லை. மரம், ரயில், காற்று எல்லாம் சரி. மதம் மாற்றத்தானே அந்தப் பள்ளிக்கூடத்தைத் தொடங்கினார்கள்? அதைப் பற்றி ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லையே. நினைவேந்தல் என்றால் பாதியை மறப்பது என்று அர்த்தமா?

ஜார்ஜ்டவுன்வாசி:
நியாயமான கேள்வி, மழுப்பாமல் சொல்கிறேன். ஆமாம், ஆண்டர்சன் வந்தது அதற்குத்தான், அவர் அதை ஒளிக்கவும் இல்லை. மேல்சாதிப் பையன்களை ஆங்கிலப் படிப்பைக் காட்டி வரவைத்து பைபிளும் சொல்லிக்கொடுப்பது என்பதுதான் திட்டம். 1841ல் இரண்டு மாணவர்கள் ஞானஸ்நானம் வாங்கியதும் பெற்றோர் கொதித்துப் போய்ப் பிள்ளைகளைக் கூண்டோடு நிறுத்திவிட்டார்கள். இது நீங்கள் சொல்லும் பக்கம். ஆனால் அதற்கு முன்பே ஒரு தரம் பள்ளி காலியானது, அது வேறு காரணத்துக்கு: தாழ்த்தப்பட்ட சாதிப் பையன்கள் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்களை வெளியே அனுப்பு என்று மற்றவர்கள் கேட்டார்கள், ஆண்டர்சன் மாட்டேன் என்றார், கேட்டவர்கள் வெளியே போனார்கள். மதத்துக்காக ஒரு முறை, பெஞ்சுக்காக ஒரு முறை. இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் அந்தப் பள்ளிக்கூடத்தின் கதை.

1862ல் வில்லியம் மில்லர் வந்தபிறகு போக்கே மாறியது. 1865ல் கல்லூரி வகுப்பு, 1877ல் கிறித்தவக் கல்லூரி என்கிற பெயர், 1907 வரை அவர்தான் முதல்வர். எத்தனை பேர் மதம் மாறினார்கள் என்று கணக்குப் பார்ப்பதை அவர் விட்டுவிட்டார். படித்தவன் மனதில் மெல்ல ஊறினால் போதும் என்பது அவர் கட்சி. ஸ்காட்லாந்தில் இதற்காக அவரைத் திட்டியவர்கள் உண்டு, பணம் கொடுக்கிறோம், ஆள் எங்கே என்று.

கேள்விக்குறி:
சரி, இது எனக்குத் தெரியாது. ஆனால் மெல்ல ஊறுவதும் ஊறுவதுதானே.

வேம்புநிழல்:
ஊறியது என்ன என்று பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். பிரபலம் பேசக்கூடாது என்றார் இழையைத் தொடங்கியவர், ஒரே ஒருவருக்கு அனுமதி கொடுங்கள். ராதாகிருஷ்ணன் அங்கே தத்துவம் படித்தவர். இந்து சமயத்தைப் பற்றி அங்கே கேட்ட விமர்சனம் உறுத்தியதால்தான் அதை ஆழமாகப் படிக்கத் தொடங்கினேன் என்று அவரே எழுதியிருக்கிறார். எம்.ஏ.வுக்கு எழுதிய ஆய்வு வேதாந்தத்தின் அறவியல் பற்றியது, அதைப் பாராட்டியவர் அங்கே பேராசிரியராக இருந்த ஏ.ஜி. ஹாக் என்கிற மிஷனரி. மதம் மாற்ற வந்த இடம் ஒரு வேதாந்தியைத் தயார் செய்து அனுப்பிவிட்டது!

நான் சொல்ல வந்தது இது இல்லை. நான் தமிழ் படித்தவன், எங்களுக்கு அந்தக் கல்லூரி என்றால் பரிதிமாற்கலைஞர். மதுரைப் பக்கம் விளாச்சேரியிலிருந்து வந்த சூரியநாராயண சாஸ்திரிதான் தன் பெயரைத் தமிழில் அப்படி மாற்றிக்கொண்டார். மில்லர் ஒரு நாள் வகுப்பில் டென்னிசன் கவிதை நடத்துகிறார். படகு நீரில் போவது அன்னம் நீந்துவது போல இருக்கிறது என்று ஒரு இடம் வருகிறது, இந்த மாதிரி உவமை உங்கள் மொழியில் உண்டா என்று கேட்கிறார். பையன் எழுந்து, குகன் ஓடம் விடும் இடத்தில் கம்பன் "மட அன்னக் கதியது செல" என்று எப்போதோ பாடிவிட்டான் என்று பாட்டைச் சொல்லி விளக்கினாராம். தமிழ்த்துறையில் இந்தக் கதையைக் கேட்காமல் யாரும் டிகிரி வாங்க முடியாது. வகுப்பில் மடக்கிய மாணவனை அந்தக் கல்லூரியே தமிழாசிரியர் ஆக்கிக்கொண்டது. தத்துவத்திலும் அவர்தான் முதல், ஆனாலும் தமிழ்தான் வேண்டும் என்று வந்தார். தமிழ்ப் பண்டிதருக்கு கல்லூரிகளில் கடைசி நாற்காலி போட்ட காலம், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

1902ல் சென்னைப் பல்கலைக்கழகம் பாடத்திட்டத்திலிருந்து தமிழை எடுத்துவிடலாம் என்று யோசித்தபோது எதிர்த்து நின்றவர்களில் அவரும், அதே கல்லூரியில் பணியாற்றிய மு.சி. பூரணலிங்கம் பிள்ளையும் முக்கியமானவர்கள். தமிழ் உயர்தனிச் செம்மொழி என்ற வாதத்தை அவர் எழுப்பியது அப்போதுதான், மத்திய அரசு 2004ல் செம்மொழி என்று அறிவிப்பதற்கு நூறு வருடம் முன்பு. 1903ல் காசநோயில் போய்விட்டார், வயது 33. கல்லூரிக்கு வெளியேயும் வீட்டில் வைத்துப் பையன்களுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தார், அவர்களுக்கு "இயற்றமிழ் மாணவர்" என்று பெயரும் வைத்தார். இதெல்லாம் எஸ்பிளனேடில் நடந்தது. அதனால் நானும் தாத்தா கட்சி.

ஹீபர்_பழையவன்:
நான் 1972 பேட்ச். எல்லோரும் கடைசியில் எஸ்பிளனேடு கட்சி ஆகிவிட்டால் காட்டுக்குப் பரிந்து பேச ஆள் வேண்டாமா? நான் பேசுகிறேன்.

நான் தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கிராமம். பிஷப் ஹீபர் ஹாலில் இடம் கிடைத்தது என்று கடிதம் போட்டால் அப்பா "திருச்சிக்கு எப்போது மாறினாய்?" என்று பதில் போட்டார், அங்கே ஹீபர் பெயரில் கல்லூரி இருக்கிறதே, அந்தக் குழப்பம். தாம்பரத்தில் சேலையூர் ஹால், செயின்ட் தாமஸ் ஹால், ஹீபர் ஹால் என்று மூன்று, மூன்றுக்கும் தீராத போட்டி. சாதாரண ஹாஸ்டல் என்று நினைக்காதீர்கள், ஹாலுக்குள் தேர்தல் நடக்கும், மெஸ் கமிட்டி எங்களுடையது, ஹால் டே வந்தால் ஒரு மாதம் வகுப்பு மறந்துபோகும். முதல் இரண்டு மாதம் எனக்கு வாயே திறக்கவில்லை. பக்கத்து அறையில் கேரளா, எதிர் அறையில் நாகாலாந்து, மாடியில் ஊட்டி கான்வென்ட் பையன், எல்லோரும் இங்கிலீஷ். ஒரு நாள் மெஸ்ஸில் ரசம் தீர்ந்துபோய் நான் தமிழில் கத்தினேன், நாகாலாந்துப் பையன் அதே வார்த்தையை அதே ஸ்ருதியில் திருப்பிக் கத்தினான், மெஸ்ஸே சிரித்தது. அன்றிலிருந்து பேச்சு வந்துவிட்டது. ஐம்பது வருடம் ஆகிறது, அவன் இன்றைக்கும் போனில் என்னை "ரசம்" என்றுதான் கூப்பிடுகிறான்.

எஸ்பிளனேடில் சாயங்காலம் மணி அடித்ததும் பெரும்பாலோர் அவரவர் வீட்டுக்கு, அவரவர் சாதிக்காரர் நடத்தும் சாப்பாட்டு விடுதிக்குப் போயிருப்பார்கள். பகலில் ஒரே பெஞ்ச், ராத்திரி தனித்தனி இலை. தாம்பரத்தில் போவதற்கு இடமே இல்லை, அதனால் ஒன்றாகச் சாப்பிட்டே ஆகவேண்டும். காட்டுக்குப் போனதில் எனக்குத் தெரிந்து பெரிய லாபம் அதுதான். மேலே ஒருவர் பெஞ்சுக்காகப் பள்ளி காலியானது என்றாரே, அந்தக் கணக்கு தீர்ந்தது வகுப்பறையில் இல்லை ஐயா, மெஸ்ஸில்.

செம்மண்_ஷூ:
ஹீபர் ஐயா, நீங்கள் சொன்னதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. ஹாலில் முதல் வருடம் தாத்தா சாப்பாட்டுக்கு என்ன செய்தார் என்று அம்மாவிடம் கேட்டேன். ஒரு மாதம் வாழைப்பழமும் பாலும்தானாம்! அப்புறம் எப்போது மெஸ்ஸில் உட்கார்ந்தார் என்று யாருக்கும் தெரியவில்லை, ஆனால் இரண்டாவது வருட ஹால் போட்டோவில் நடு வரிசையில் நெஞ்சை நிமிர்த்தி நிற்கிறார். அவர் சொன்ன "காடு" என்பதில் இதுவும் ஒளிந்திருக்கலாம் என்று இப்போதுதான் தோன்றுகிறது.

குரோம்பேட்டை_அக்கா:
நூறு பதிவு வந்தாலும் எல்லாம் "பையன்கள் பையன்கள்" என்றே ஓடும் போலிருக்கிறதே! 1939ல் தாம்பரத்தில் பெண்களைச் சேர்க்க ஆரம்பித்தார்கள். உங்கள் தாத்தா வெளியே போகிறார், நாங்கள் உள்ளே வருகிறோம், அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. எஸ்பிளனேடு அருமை பெருமை என்கிறவர்கள், அந்த மூர் மார்க்கெட்டிலும் ஹைகோர்ட் வராந்தாவிலும் ஒரு பதினெட்டு வயதுப் பெண் தனியாகச் சுற்ற முடிந்திருக்குமா என்று ஒரு நிமிடம் யோசித்துவிட்டு எழுதலாம்.

நான் 1979ல் சேர்ந்தேன். வகுப்பில் நாற்பது பேரில் ஏழு பெண்கள், முதல் பெஞ்ச் நாங்கள், பின்னால் கடல். வீட்டில் எங்கும் தனியாக அனுப்பாதவர்கள் அந்தக் காம்பவுண்டுக்குள் மட்டும் விட்டார்கள். அந்த மரங்களுக்கு நடுவில் யாரும் துணைக்கு இல்லாமல் ஒரு மைல் நடந்தேன், வாழ்க்கையில் முதல் தடவை. இது என்ன பெரிய விஷயம் என்று ஆண்களுக்குத் தோன்றலாம். எனக்கு மூன்று வருடப் படிப்பில் அந்த நடைதான் பாடம்.

பீச்_லோக்கல்:
அக்கா சொன்னதுக்கு மேல் பேச்சில்லை. நான் கட்சி மாறுகிறேன்.

தாவரவியல்_2009:
மரம் மரம் என்கிறீர்களே, யார் வைத்தது என்று யாரும் சொல்லவில்லை. எட்வர்ட் பார்ன்ஸ், வேதியியல் பேராசிரியர்! சேலையூர்க் காப்புக்காட்டு நிலம் கிட்டத்தட்ட 375 ஏக்கர் கல்லூரிக்குக் கிடைத்ததும், எந்த மரம் எங்கே என்று அவரும் அவர் மனைவி ஆலிஸும் பார்த்துப் பார்த்து நட்டார்கள். வேதியியல்காரருக்குச் செடிப் பைத்தியம், தென்னிந்திய மலைகளில் அலைந்து செடி சேகரித்தவர், சேம்பு இனத்தில் ஒரு காட்டுச் செடிக்கு அவர் பெயரே வைத்திருக்கிறார்கள், அரிசீமா பார்னெசியை.

ஆனால் ஒரு திருத்தம். அவர்கள் நட்டுத்தான் காடு வந்தது என்பது பாதிதான் சரி. பாதைக்கு இரண்டு பக்கமும் நிற்கிற பெரிய நிழல் மரங்களில் நிறைய நட்டவை. உள்ளே போனால் இருப்பது அந்த மண்ணின் சொந்தப் புதர்க்காடு, கடற்கரைச் சமவெளியில் ஒரு காலத்தில் நீளத்துக்கும் இருந்தது, ஊர் வளர்ந்ததில் துண்டு துண்டாகிவிட்டது. களா, காரை, சூரை என்று முள்ளாக இருக்கும். புதுப் பையன்கள் குறுக்கு வழி என்று நுழைந்து சட்டையைக் கிழித்துக்கொண்டு வருவார்கள். கரும்பச்சை இலை, கோடையிலும் உதிராது. அதிகாலையில் சத்தம் போடாமல் போனால் புள்ளிமான் நிற்கும். இப்போது வெளியே நாலு பக்கமும் அடுக்குமாடி, உள்ளே நுழைந்ததும் சூடு குறைவதைத் தோலில் உணரலாம்.

தாத்தா 1937ல் பார்த்தது என்ன என்று யோசியுங்கள். கட்டடம் புதுசு, சுற்றிக் கட்டுமானத்துக்காக வெட்டிய வெளி, நட்ட கன்றுகள் முழங்கால் உயரம், அதற்கு அப்பால் முள். நிழல் என்று ஒன்றும் இருந்திருக்காது. நாம் ஏங்குகிற இடத்தை அவர் பார்க்கவே இல்லை.

கேள்விக்குறி:
அந்த ஹாக் என்பவரைப் பற்றித் தேடிப் படித்தேன். 1938 டிசம்பரில் உலக மிஷனரி மாநாடு தாம்பரம் கல்லூரியிலேயே நடந்திருக்கிறது, சீனாவில் நடப்பதாக இருந்ததைப் போர் காரணமாக இங்கே மாற்றினார்களாம். 470 பேர் போல. கிறித்தவத்துக்கும் மற்ற மதங்களுக்கும் நடுவில் பாலமே கிடையாது என்கிற மாதிரி ஹெண்ட்ரிக் கிரேமர் என்கிற டச்சுக்காரர் வாதிட, எதிர்த்துப் பேசியவர்களில் ஹாக் முக்கியமானவர். மற்ற மதத்துக்காரனுக்கும் கடவுளோடு உண்மையான உறவு உண்டு என்று. அதுவரை முதல்வராக இருந்தவர், சொந்த வீட்டிலேயே நின்று சொல்லியிருக்கிறார். என் முதல் கேள்வியை வாபஸ் வாங்கவில்லை, ஆனால் கொஞ்சம் தணித்துக்கொள்கிறேன்.

செம்மண்_ஷூ:
அந்த மாநாட்டைத் தாத்தா பார்த்திருக்கிறார்! கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஊருக்கு வராமல் தங்கி வெளிநாட்டுக்காரர் பெட்டி தூக்கினேன் என்று சொல்வாராம் அம்மாவிடம். சண்டை போட்டுக்கொண்டிருந்த சீனாக்காரரும் ஜப்பான்காரரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டதைக் கண்ணால் கண்டேன் என்று அதை மட்டும் பலமுறை சொல்லியிருக்கிறார். மாநாட்டில் என்ன பேசினார்கள் என்பது பற்றி ஒரு வார்த்தை இல்லை.

ஜார்ஜ்டவுன்வாசி:
அந்த இரண்டு போட்டோவின் பின்பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள். ஸ்டுடியோ முத்திரை இருந்தால் எந்த ஊரில் எடுத்தது என்று சொல்லிவிடுவேன்.

செம்மண்_ஷூ:
பார்த்தேன். எஸ்பிளனேடு போட்டோவில் முத்திரை இருக்கும் மூலையைக் கரையான் தின்றுவிட்டது, மவுண்ட் ரோடு என்கிற எழுத்து மட்டும் மிச்சம். தாம்பரம் போட்டோவில் முத்திரையே இல்லை. பென்சிலில் தாத்தா கையெழுத்து, 38 என்று வருடம், கீழே "நல்ல வெயில், பத்து நிமிஷம் நிற்க வைத்துவிட்டான்". தாவரவியல் தம்பி சொன்னது சரிதான், பின்னால் கட்டடம், முன்னால் வரிசையாகக் குச்சி கட்டிய கன்றுகள். இடது பக்கம் மூன்றாவது கன்று நிற்கிற இடம் எனக்குத் தெரியும், அந்த மரத்தடியில்தான் நாங்கள் டீ குடிப்போம்.

தாவரவியல்_2009:
ஸ்கேன் போடுங்கள் அண்ணே, முடிந்த அளவு பெரிதாக. என்ன மரம் என்று கன்றின் இலையை வைத்துச் சொல்ல முடிகிறதா பார்க்கிறேன்.